சிவப்பைத் தேடி வந்த முள்

தச்சநல்லூரைத் தாண்டி மதுரை ரோட்டில் வடக்கே போகப் போக, தாமிரபரணி கொடுத்த பச்சை மெல்லப் பின்வாங்கும். கங்கைகொண்டான், கயத்தாறு என்று ஊர்கள் கடக்கக் கடக்க வயல் போய் மானாவாரிக் காடு வரும். ஓடைக்கரையிலும் பழைய வேலியோரத்திலும் சப்பாத்திக்கள்ளி நிற்கும். சப்பாத்தியைப் போலத் தட்டையான மடல், மஞ்சள் முள், மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். இந்தப் பக்கத்தில் ஆடு மேய்த்தவர்களுக்கும், பள்ளி விட்டுக் காட்டு வழியே நடந்து வந்தவர்களுக்கும் அந்தப் பழத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குச்சியால் குத்திப் பறிக்க வேண்டும். மண்ணில் போட்டுச் செருப்புக் காலால் உருட்டிப் பூமுள்ளைத் தேய்க்க வேண்டும். பிறகு பிளந்து, நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை எடுத்து எறிந்துவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். அதை எடுக்காமல் விழுங்கினால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று மூத்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். தின்று முடித்தால் நாக்கு, உதடு, கை எல்லாம் சிவந்திருக்கும்.

இவ்வளவு பழகிய செடி நம் மண்ணின் செடி அல்ல. சங்கப் பாட்டுகளின் பாலை நிலத்தில் நிற்கிற கள்ளி, கீறினால் பால் வடிகிற வேறு இனம். சப்பாத்திக்கள்ளியின் குடும்பம் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறி வந்தது. அது வந்த கதை வெறும் செடியின் கதையாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அந்த மடல்மேல் வாழ்கிற ஒரு சிறு பூச்சிக்காக ஸ்பெயினும் பிரான்சும் போர்த்துக்கலும் இங்கிலாந்தும் இருநூறு, முந்நூறு வருஷம் போட்டி போட்டன. எந்தப் பேரரசும் திட்டமிடாத ஒரு விளைவை நம் ஊர்க் காடுகள் சுமந்தன.

மடல்மேல் வளர்ந்த சாயம்

அந்தப் பூச்சியின் பெயர் கோச்சினீல். மழை பெய்ததும் செம்மண்ணில் ஊர்கிற தம்பலப்பூச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு. நம் விவசாயிகள் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த மாவுப்பூச்சிக்கு இது ஒருவகையில் உறவு. பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. உளுந்து அளவுதான் இருக்கும். கள்ளி மடலில் மூக்கைச் செருகிக்கொண்டால் சாகும்வரை அந்த இடத்தைவிட்டு அசையாது. மேலே பஞ்சு போல வெள்ளைப் பொடியைப் போர்த்திக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மடலில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி தெரியும். விரலால் ஒன்றை நசுக்கினால் வெள்ளைக்குள்ளிருந்து இரத்தச் சிவப்பு வரும். கார்மினிக் அமிலம் என்பது அதன் பெயர். எறும்பும் மற்ற பூச்சியும் தன்னைத் தின்னாமல் இருக்க அந்தப் பூச்சி உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற காவல் அது.

அந்தக் காவலை மெக்சிகோவின் பழங்குடி மக்கள் சாயமாக்கினார்கள். தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் சபோடெக், மிக்ஸ்டெக் மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கள்ளித் தோட்டம் போட்டு, நல்ல பூச்சியைத் தேர்ந்தெடுத்து, மழையிலும் குளிரிலும் காப்பாற்றி, நாம் கறவை மாட்டைப் பழக்கியது போல அதைப் பழக்கினார்கள். பழக்கிய இனம் காட்டு இனத்தைவிடப் பெரியது, சாயம் அதிகம். ஆனால் மனிதன் கவனிக்காவிட்டால் அழிந்துவிடும். தோட்டத்துப் பூச்சி, காட்டுப் பூச்சி என்ற இந்த வித்தியாசத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் அதுவே காரணம்.

அஸ்டெக் அரசர்களுக்கு ஊர்கள் கட்டிய கப்பத்தில் இந்தச் சாய மூட்டைகளும் இருந்தன. 1521-இல் அஸ்டெக் தலைநகர் ஸ்பானியர்களிடம் விழுந்தது. அதன்பின் சில பத்தாண்டுகளில் காய்ந்த கோச்சினீல் ஐரோப்பியச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பவுண்டு சாயத்துக்கு எழுபதாயிரம் பூச்சி வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். அப்படியும் வாங்க ஆள் இருந்தது. கர்தினால்களின் அங்கி, அரசர்களின் திரைச்சீலை, வெனிஸ் நெசவாளர்களின் பட்டு எல்லாம் அதில் தோய்ந்தன. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான்.

ரகசியமும் திருட்டும்

ஸ்பெயின் இந்த வருமானத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. காய்ந்த சரக்கை விற்றது. உயிருள்ள பூச்சியை வெளியே விடவில்லை, வெளிநாட்டவரை அந்தத் தோட்டங்களின் பக்கம் அண்டவிடவில்லை. காய்ந்தபின் அது சுருங்கிய தானியம் மாதிரி இருக்கும். அதனால் ஐரோப்பாவின் பெரிய படிப்பாளிகளே அது விதையா, பழமா, புழுவா என்று நூறு வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். நுண்ணோக்கியால் புகழ்பெற்ற ஹாலந்தின் லேவன்ஹுக் முதலில் ஒன்று சொல்லி, பின்னால் திரும்பப் பார்த்துப் பூச்சி என்று உறுதிசெய்தார். அப்போதும் சந்தேகம் தீரவில்லை. ருஸ்கர் என்ற டச்சுக்காரர் ஒரு பந்தயத்துக்காக வஹாக்காவில் பூச்சி வளர்ப்பவர்களிடம் முறைப்படி வாக்குமூலம் வாங்கி வரவழைத்து, 1729-இல் புத்தகமாகவே போட்டார். வஹாக்காவின் ஒரு சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்த உண்மை ஆம்ஸ்டர்டாமில் சத்தியப் பிரமாணம் கேட்டது.

அறிவு கிடைக்காதபோது கொள்ளை நடந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் ஸ்பானியச் சரக்குக் கப்பல்களை மறித்துப் பிடித்தன. 1597-இல் எஸ்ஸெக்ஸ் பிரபுவின் படை பிடித்த கப்பல்களில் மட்டும் 27 டன் கோச்சினீல் இருந்தது. ஆனால் காய்ந்த பூச்சி குட்டி போடாது. உயிருள்ளதைத் திருட வேண்டும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் தியெரி தெ மெனோன்வில் 1777-இல் அதைச் செய்தார். மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு மெக்சிகோவுக்குள் நுழைந்து, வஹாக்காவரை போய், பூச்சி ஒட்டிய மடல்களை மறைத்து எடுத்துக்கொண்டு, கரீபியக் கடலில் பிரான்சின் கையில் இருந்த சான்-டொமிங்குக்கு வந்து சேர்ந்தார். இன்றைய ஹெய்ட்டி அது. 1780-இல் அவர் இறந்தார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் தோட்டத்துப் பூச்சி மாண்டது.

பிரான்ஸ் முயன்றதைப் பார்த்து இங்கிலாந்து சும்மா இருக்கவில்லை. 1787-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட முதல் கப்பல் அணியின் தலைவர் ஆர்தர் ஃபிலிப், வழியில் போர்த்துக்கீசியரின் ரியோ டி ஜெனிரோவில் தங்கினார். அங்கே பூச்சி ஒட்டிய கள்ளியைத் தொட்டியில் எடுத்துக்கொண்டார். புதிய குடியேற்றத்தில் சாயத் தோட்டம் போடுவது நோக்கம். 1788 ஜனவரியில் அந்தக் கள்ளி ஆஸ்திரேலியாவில் இறங்கியது. கள்ளிக்கும் அந்தக் கண்டத்துக்கும் அதுதான் முதல் சந்திப்பு.

நம்மிடம் இருந்த சிவப்பு

இதே காலத்தில் நம் பக்கத்தில் சிவப்புக்கு என்ன வழி இருந்தது? பஞ்சம் எதுவும் இல்லை. சோழமண்டலக் கரையிலும் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் மணற்பாங்கில் வளர்கிற சாயவேர் என்ற சிறு செடி இருந்தது. அதன் வேரைத் தோண்டிக் காயவைத்து இடித்துச் சாயம் இறக்கினார்கள். அந்தச் சிவப்பு வெளுக்க வெளுக்கத் துலங்கும். அரக்கிலிருந்தும் சிவப்பு எடுத்தார்கள். மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் சாயவேர் தோண்டும் உரிமையை டச்சுக் கம்பெனி ஏகபோகமாகத் தன் கையில் வைத்திருந்தது என்றால், அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அந்த டச்சுக்காரர்கள் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள். துணி, முத்து, சங்கு எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது. ஐரோப்பியப் போட்டி தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குத் தூரத்துச் செய்தி இல்லை. 1783-இல் ஆங்கிலத் தளபதி ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்மு பாளையத்துக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை ஓலையை உள்ளே கண்டெடுத்தார். ஹாலந்தைப் பிரான்ஸ் பிடித்ததும், 1795-இல் ஆங்கிலேயர் தூத்துக்குடியைத் தங்கள் வசமாக்கினார்கள். அதன் தாக்கம் பாளையக்காரர்கள் மேல்தான் இறங்கியது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கை கொடுக்க இன்னொரு ஐரோப்பியன் இந்தக் கரையில் இல்லாமல் போனான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

அவரைத் தூக்கிலிட்ட கம்பெனிப் படையின் கோட்டு சிவப்பு. பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் கோட்டு மலிவான வேர்ச் சாயத்தில் தோய்ந்தது. அதிகாரியின் கோட்டுக்கு மட்டும் கோச்சினீல். தமிழ்நாட்டைப் பிடித்த அதிகாரிகள் உடுத்திய கருஞ்சிவப்புக்கான விலை ஸ்பெயினின் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஸ்பெயினோடு போர் மூண்டால் சரக்கு வருவதும் சந்தேகம். கம்பெனியின் கண்ணை உறுத்தியது அதுதான்.

மெட்ராஸ் மருத்துவரின் தோட்டம்

மெட்ராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார். கம்பெனியின் மருத்துவத் துறையில் பெரிய பதவிக்கு உயர்ந்தவர். செடி கொடிகளில் ஆர்வம் மிகுந்தவர். 1786-இல் கடற்கரைப் புல்லில் ஒருவகைச் செதிள்பூச்சியைப் பார்த்தார். நசுக்கினால் சிவப்பு வந்தது. கோச்சினீல் கிடைத்துவிட்டது என்று லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், அந்தக் கடிதங்களை அச்சிலும் போட்டார். சோதித்ததில் அந்தச் சாயம் உதவாது என்று தெரிந்தது. ஆனால் நம்பிக்கை பற்றிக்கொண்டுவிட்டது. பூச்சி இல்லாவிட்டாலும் அதற்கான கள்ளியை முதலில் வளர்த்து வைப்போம் என்று முடிவாயிற்று. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கள்ளிக் கன்றுகள் வந்தன. சைதாப்பேட்டை அருகே கம்பெனி செலவில் கள்ளித் தோட்டம் எழுந்தது. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து மற்ற அதிகாரிகளுக்கும் கன்றுகள் போயின.

வேலிக்காக வந்த கள்ளி ஏற்கெனவே இந்தியாவில் ஆங்காங்கே நின்றது. ஆடு மாடு நுழையாது, தண்ணீர் கேட்காது, ஒடித்து நட்டால் போதும். கம்பெனி அதிகாரிக்கும் பிடித்தது, குடியானவனுக்கும் பிடித்தது. கள்ளிக்குக் கப்பல் கொடுத்தவை பேரரசுகள். ஊருக்குள் இடம் கொடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை.

பூச்சி 1795-இல் வந்தது. இந்தியாவுக்கு வரும் வழியில் ரியோ டி ஜெனிரோவில் இறங்கிய நீல்சன் என்ற ராணுவ கேப்டன், பூச்சி ஒட்டிய சில மடல்களைப் பறித்துக் கல்கத்தாவில் கொண்டுவந்து சேர்த்தார். பல மாதக் கடல் பயணத்தில் பெரும்பாலான பூச்சிகள் செத்திருந்தன. மிஞ்சியவற்றை அந்த ஊர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் தோட்டத்தில் விட்டார். கியூ கொடுத்த உயர்ரகக் கள்ளியை அவை விரும்பவில்லை. வேலியில் நின்ற உயரமான கள்ளியில் விட்டதும் மளமளவென்று பெருகின. மெட்ராஸுக்கும் அனுப்பினார்கள். ஆண்டர்சனுக்குப் பத்து வருஷக் கனவு பலித்த மகிழ்ச்சி. குடியானவர்கள் சேகரித்துக் கொடுத்த பூச்சியைக் கம்பெனி விலை கொடுத்து வாங்கியது.

சரக்கு லண்டனுக்குப் போனதும் குட்டு உடைந்தது. அது மெக்சிகோவின் தோட்டத்துப் பூச்சி அல்ல. பிரேசில் காட்டுப் பூச்சி, வேறொரு இனம். சாயம் மட்டம், பஞ்சுப் போர்வை அதிகம், விலை குறைவு. மெக்சிகோ சரக்கின் பக்கத்தில் அதனால் நிற்க முடியவில்லை. சில வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனி கைகழுவியது.

மூன்று நூற்றாண்டு மறைப்பின் பலன் இது. ஸ்பெயின் மறைத்ததால் மற்றவர்கள் இருட்டில் துழாவினார்கள். இருட்டில் கைக்கு அகப்பட்டது தவறான பூச்சி, தவறான செடி. சாய வியாபாரம் ஓய்ந்தபின்னும் கள்ளியும் பூச்சியும் இங்கேயே தங்கிவிட்டன.

வேலி கரைந்த கதை

அதன்பின் நடந்தது யாரும் எதிர்பாராதது. வங்காளத்திலும் வட இந்தியாவிலும் கள்ளி வேலிகள் காணாமல் போகத் தொடங்கின. அந்தப் பூச்சி உயரமான கள்ளியை மட்டுமே தின்றது. பசி அடங்காமல் தின்றது. மடல்கள் வெளுத்து, வதங்கி, கூழாகச் சரிந்தன. சாயத்துக்கு உதவாத பூச்சி களையை ஒழிக்க உதவும் என்று யாரோ கவனித்தார்கள். 1836-க்கும் 1838-க்கும் இடையில் அதை மறுபடியும், இந்த முறை வேண்டுமென்றே, தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கேயும் அந்தக் கள்ளி அடங்கியது. 1865 வாக்கில் பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்த பூச்சியியலாளர் அதை இலங்கை மாதிரியை வைத்தே விவரித்ததால், தென் அமெரிக்காவில் பிறந்த அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரில் இன்றும் இலங்கை இருக்கிறது.

ஒரு களைச் செடியை அதன் பகைப் பூச்சியை ஏவி அடக்கும் முறைக்கு உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர். அந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் வெற்றியாகக் காட்டுவது இந்தியாவில் நடந்த இந்த நிகழ்ச்சியைத்தான். உலகமே பின்னால் கற்றுக்கொண்ட ஒரு பாடம், சாயத்தில் தோற்ற ஒரு முயற்சியின் மிச்சத்திலிருந்து நம் மண்ணில் பிறந்தது.

ஆனால் நம் ஊர்க் கதை அங்கே முடியவில்லை. கள்ளியில் இன்னொரு வகை இருந்தது. உயரம் குறைவு, புதர் அடர்த்தி, முள் நீளம். மதுரை ரோட்டோரம் இன்று நாம் பார்க்கிற சப்பாத்திக்கள்ளி அதுதான். பிரேசில் பூச்சி அதைத் தொடவே தொடாது. முதல் கள்ளி ஒழிந்த நிலத்தில் இதற்குப் போட்டி இல்லை. பழத்தைக் காக்கை தின்று விதையைப் போட்டது. வெள்ளத்தில் உடைந்து மிதந்த மடல் ஒதுங்கிய இடத்தில் வேர்விட்டது. வெட்டிப் போட்டால் வெட்டிய துண்டெல்லாம் முளைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தென் மாவட்டங்களின் மேய்ச்சல் நிலம், ஓடைக்கரை, ஊர்ப்பொது இடம் எல்லாவற்றிலும் பல்லாயிரம் ஏக்கருக்குப் புதர் மண்டியது.

இதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதை நின்று பார்க்க வேண்டும். ஆட்டின் உதட்டிலும் நாக்கிலும் முள் ஏறினால் அது மேயாமல் மெலியும். புதருக்குள் பாம்பு குடியிருக்கும், எலி பெருகும், காட்டுப்பன்றி பதுங்கும். காலைக்கடனுக்கும் விறகுக்கும் அந்தப் பக்கம்தான் பெண்கள் போயாக வேண்டும். ஒரு குறுக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்தவன் கடப்பாரையும் கவைக்கம்புமாக நாட்கணக்கில் தோண்டிக் குழியில் புதைத்தான். அடுத்த மழைக்கு அது மறுபடி முளைத்தது. பஞ்ச காலத்தில் வேறு வழியில்லாமல் முள்ளைத் தீயில் பொசுக்கி மடலை மாட்டுக்குப் போட்டார்கள், பழத்தைத் தாங்கள் தின்றார்கள். இந்த உழைப்பும் இந்தக் காயமும் சாயத்துக்குப் போட்டி போட்ட எந்த நாட்டின் செலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

மூன்று கடல் சுற்றிய மருந்து

தீர்வு ஆஸ்திரேலியா வழியாகச் சுற்றி வந்தது. ஃபிலிப் தொடங்கி வைத்த வழியில் அந்த நாட்டுக்குப் பல கள்ளி இனங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. வேலிக்காக நட்ட ஓர் இனம் கட்டுக்கடங்காமல் பரவியது. 1920-களின் நடுவில் அங்கே கள்ளி பிடித்திருந்த நிலம் சுமார் 2.4 கோடி ஹெக்டேர். அது தமிழ்நாட்டின் பரப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடும்பங்கள் பண்ணைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறின.

குயின்ஸ்லாந்து அரசு 1912-இல் ஹார்வி ஜான்ஸ்டன், ஹென்றி டிரையன் என்ற இரண்டு அறிஞர்களை உலகம் சுற்றிவர அனுப்பியது. கள்ளியை எது தின்கிறது என்று ஊர் ஊராகப் பார்ப்பதே அவர்கள் வேலை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தவர்கள், நம் பிரேசில் பூச்சி செய்திருந்த வேலையைக் கண்ணால் கண்டார்கள். அதை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். உயரமான கள்ளி அங்கேயும் அடங்கியது. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து அந்தப் பூச்சி தென்னாப்பிரிக்காவுக்கும் போனது.

மற்ற கள்ளிகளுக்கு வேறு பகைகளைத் தேடினார்கள். அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுபோன ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுக்கள் 1926 முதல் சில வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் கள்ளிக் காட்டைத் தின்று தீர்த்தன. நன்றிக்கடனாகப் பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரால் மக்கள் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள். வட அமெரிக்காவிலிருந்து இன்னொரு வகைக் கோச்சினீலையும் ஆஸ்திரேலியா வரவழைத்திருந்தது. நமக்குத் தேவைப்பட்டது அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்து, அங்கிருந்து 1926-இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. இந்தப் பூச்சி சப்பாத்திக்கள்ளியைத் தின்றது. ஐந்தாறு வருஷத்தில், கடப்பாரைக்கு அசையாத புதர்கள் வெள்ளைப் பஞ்சு படிந்து அழுகிச் சாய்ந்தன. அடியோடு அழியவில்லை. அங்கங்கே ஒதுங்கி நிற்கிற அளவுக்கு அடங்கியது. பிள்ளைகள் பழம் பறித்துத் தின்கிற அளவுக்கு மட்டும் கள்ளி மிச்சம் இருப்பது அந்தப் பூச்சியின் உபயம். இன்றைக்கும் கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சைப் பார்த்தால் அது நோய் என்று நினைக்க வேண்டாம். ஒன்றை நசுக்கிப் பாருங்கள். விரலில் ஒட்டுகிற சிவப்புக்குத்தான் இத்தனை நாடுகளும் அலைந்தன.

சிவப்பு வியாபாரம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஸ்பெயினின் ஏகபோகம் மெக்சிகோவின் விடுதலையோடு போனது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் கட்டாயச் சாகுபடியாகக் கோச்சினீலை வளர்க்க வைத்தார்கள். ஸ்பெயின் தன் கானரித் தீவுகளில் வளர்த்தது. 1870-களில் ஜெர்மானிய வேதியியல் ஆலைகள் நிலக்கரித் தாரிலிருந்து மலிவான சிவப்பை எடுத்ததும் எல்லோருடைய தோட்டமும் ஒன்றாக விழுந்தது. நம் சாயவேரும் அந்த அலையில்தான் அடிபட்டது. சாயவேர் தோண்டியவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உதட்டுச் சாயத்துக்கும் உணவு நிறத்துக்கும் இன்று கோச்சினீல் மீண்டும் தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதி பெருவிலிருந்து வருகிறது.

கேட்க வேண்டிய கேள்வி

கள்ளி தனித்த கதை இல்லை. களக்காடு, முண்டந்துறைக் காடுகளில் புதராக மண்டுகிற உண்ணிச்செடியை டச்சுக்காரர்கள் பிரேசிலிலிருந்து அழகுக்காக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர் 1809-இல் கல்கத்தா தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். தாமிரபரணியை அடைக்கிற ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவின் செடிதான். கள்ளி விலகிய காடுகளில் இப்போது சீமைக்கருவேல் நிற்கிறது. அதை அகற்றச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2017-இல் உத்தரவு போடுகிற நிலை வந்தது. வந்த செடி எதுவும் தானாக வரவில்லை. லாபம் என்றோ அழகு என்றோ நல்லது என்றோ நினைத்து ஒரு கை அதைக் கொண்டுவந்தது. எப்படித் திரும்ப எடுப்பது என்ற கேள்வியை அந்தக் கை கேட்டுக்கொள்ளவில்லை.

பூச்சியையும் கண்மூடி நம்பக்கூடாது. நம்மைக் காப்பாற்றிய அதே வட அமெரிக்கக் கோச்சினீல் 2014-இல் மொராக்கோவில் தென்பட்டது. அங்கே கள்ளிப்பழம் ஏழைக் குடும்பங்களின் வருமானம், வறட்சியில் கால்நடைத் தீவனம். சில வருஷத்தில் அந்த மக்களின் தோட்டங்கள் மொட்டையாயின. ஓர் ஊரின் மருந்து இன்னோர் ஊருக்கு நஞ்சு. எதை எங்கே விடுகிறோம், அது வேறு எதைத் தின்னும் என்று பார்த்த பிறகே விட வேண்டும்.

அப்படிப் பார்த்து விட்டதற்குச் சான்றும் நம்மிடமே இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. அடுத்த இரண்டு வருஷத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டின் வயல்களை அது வெளுத்துப்போட்டது. மருந்தடித்துப் பார்த்தவர்கள் பணத்தைத்தான் இழந்தார்கள். 2010-இல் அமெரிக்க விவசாயத் துறையின் உதவியோடு புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி பெங்களூரு ஆய்வு நிறுவனத்துக்கு வந்தது. தனிமைப்படுத்தி, சோதித்து, வேறு எதையும் தொடாது என்று உறுதிசெய்தபின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வயலுக்குப் போனது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. விவசாயிகளுக்கு அந்தக் குளவி இலவசமாகவே கிடைத்தது.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில், ஒரு நாடு தன் அறிவைப் பூட்டி வைத்தது. மற்ற நாடுகள் திருடின. தவறான உயிர்கள் கண்டம் விட்டுக் கண்டம் போயின. கணக்கில் பெயரே இல்லாத ஆட்டுக்காரன் நூறு வருஷம் முள்ளோடு மல்லுக்கட்டினான். இன்னொன்றில், ஒருவர் அறிந்ததை மற்றவரிடம் சொன்னார்கள். சொன்னதைச் சோதித்தார்கள். இரண்டு வருஷத்தில் தொல்லை தீர்ந்தது. கள்ளி விஷயத்திலும் கடைசியில் கைகொடுத்தது குயின்ஸ்லாந்து, கொழும்பு, மெட்ராஸ் ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட செய்திதான். அவர்கள் மூவரும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்ததால் அந்தப் பரிமாற்றம் எளிதாயிற்று. இன்று அதற்கு ஒரு பேரரசு தேவையில்லை.

விதை, பூச்சி, நோய், மருந்து பற்றிய அறிவை நாடுகளும் கம்பெனிகளும் மறுபடியும் பூட்டி வைக்கிற காலம் இது. தீவனத்துக்கு ஒரு புதுப் புல், தோட்டத்துக்கு ஒரு புதுக் கொடி, காட்டுக்கு ஒரு வேகமாக வளரும் மரம் என்று நம் ஊருக்கு இன்னும் பல வரும். வருகிறபோது பஞ்சாயத்திலோ வேளாண் அலுவலகத்திலோ யாராவது ஒருவர் எழுந்து, இது எங்கே இருந்து வருகிறது, இதைத் தின்கிறது எது, வேண்டாம் என்றால் யார் செலவில் எடுப்பது என்று கேட்க வேண்டும். அந்தப் பதில் எழுத்தில் வராதவரை அந்தச் செடிக்கு ஊர் எல்லைக்குள் இடம் கொடுக்கக்கூடாது.